சொல்லப்படாத நோய்க்குத் தயாராக முடியாது: நுரையீரல் புற்றுநோயும் சத்திரசிகிச்சைக்கு முந்திய வாரங்களும்

நுரையீரல் புற்றுநோய் என்று உறுதிப்படுத்தும் அறிக்கை கைக்கு வந்ததும் எமது குடும்பங்கள் பலவற்றில் எடுக்கப்படும் முதல் முடிவு சிகிச்சையைப் பற்றியதல்ல. ‘அப்பாவுக்குச் சொல்லக்கூடாது’ என்பதுதான் அந்த முடிவு. மகன் வைத்தியரைத் தனியாகச் சந்திக்கிறார். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் மகள் அறிக்கைகளை வட்ஸ்அப்பில் பார்க்கிறார். அப்பாவிடம் மட்டும் ‘நெஞ்சில ஒரு சின்னக் கட்டி, எடுத்துவிட்டாச் சரி’ என்று சொல்லப்படுகிறது.

இதன் பின்னால் இருப்பது அன்பு. நோயின் பெயரைக் கேட்டாலே ஆள் உடைந்துபோய்விடுவார் என்ற பயமும் இருக்கிறது. ஆனால், நுரையீரல் புற்றுநோய்க்கான சத்திரசிகிச்சையில் இந்த மறைப்பு நோயாளிக்கே பாதகமாக முடியலாம். சத்திரசிகிச்சை நிபுணர் செய்யும் வேலை சில மணித்தியாலங்களில் முடிந்துவிடும். அதற்கு முந்திய வாரங்களில் புகைத்தலை நிறுத்துவது, மூச்சுப் பயிற்சி செய்வது, நடப்பது, உடல் எடையைக் காப்பது ஆகியவற்றை நோயாளி மட்டுமே செய்யமுடியும். ஏன் செய்கிறோம் என்று தெரியாத ஒருவரிடம், நாற்பது வருடப் பழக்கத்தை நாளையிலிருந்து விட்டுவிடுங்கள் என்று கேட்பதில் நியாயமில்லை.

நோய் எப்படி உறுதிசெய்யப்படுகிறது, சத்திரசிகிச்சை யாருக்குப் பொருந்தும், காத்திருக்கும் வாரங்களில் என்ன செய்யவேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

இருமலிலிருந்து அறிக்கை வரை

உலகில் புற்றுநோயால் ஏற்படும் மரணங்களில் முதலிடம் நுரையீரல் புற்றுநோய்க்குத்தான். 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 18 இலட்சம் பேர் இதனால் இறந்தார்கள். இலங்கையிலும் ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. இவ்வளவு உயிர்களை இது எடுப்பதற்கு முக்கிய காரணம், ஆரம்பத்தில் இது சத்தமில்லாமல் இருப்பதுதான். நுரையீரலின் உட்பகுதியில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. கட்டி சுவாசக்குழாயை அடைத்தால், நெஞ்சுச் சுவரைத் தொட்டால், அல்லது வேறு உறுப்புக்குப் பரவினால்தான் பலருக்கு அறிகுறி தெரியும்.

மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல், நீண்டகாலமாக இருந்த இருமலின் தன்மை மாறுதல், சளியில் இரத்தம், காரணமின்றி மெலிதல், குரல் கரகரத்தல், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் நியூமோனியா ஆகியவை கவனிக்கவேண்டியவை. இந்த அறிகுறிகளில் பல காசநோய்க்கும் பொதுவானவை. எக்ஸ்ரேயில் தெரியும் நிழலும் சிலவேளை இரண்டுக்கும் ஒரேமாதிரி இருக்கும். ஆகவே, சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இல்லை என்று வந்தால் ‘நல்லகாலம், ஒன்றுமில்லை’ என்று வீட்டில் இருந்துவிடக்கூடாது. இருமலும் நிழலும் இன்னும் இருந்தால் அடுத்த பரிசோதனை தேவை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை முடித்தபின்னும் நிழல் மறையாவிட்டாலும் அதேதான்.

அடுத்த படி நெஞ்சின் சி.ரி. ஸ்கான். அதில் சந்தேகத்துக்கிடமான கட்டி தெரிந்தால் அதிலிருந்து சிறுதுண்டு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்கவேண்டும். கட்டி சுவாசக்குழாய்க்கு அருகில் இருந்தால், மெல்லிய கமெராக் குழாயை மூக்கு அல்லது வாய் வழியாக இறக்கி எடுப்பார்கள். நெஞ்சுச் சுவருக்குக் கிட்ட இருந்தால், ஸ்கானில் பார்த்துக்கொண்டே ஊசியால் எடுப்பார்கள். இந்த இழையப் பரிசோதனை இல்லாமல் எக்ஸ்ரேயை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று முடிவு கட்டுவதில்லை.

வகையும் நிலையும்

அறிக்கை வந்ததும் இரண்டு விடயங்களைக் கேட்டறிய வேண்டும். ஒன்று, எந்த வகை. மற்றையது, எந்த நிலை.

நுரையீரல் புற்றுநோயில் பெரிய பிரிவுகள் இரண்டு. நூறு பேரில் ஏறத்தாழ 85 பேருக்கு இருப்பது ‘சிறுகலம் அல்லாத’ வகை. சத்திரசிகிச்சை பற்றிய பேச்சு பெரும்பாலும் இவர்களுக்கே உரியது. எஞ்சியவர்களுக்கு இருப்பது ‘சிறுகல’ வகை. அது வேகமாகப் பரவுவதால் பெரும்பாலும் கீமோதெரபியும் கதிர்வீச்சும்தான் முதற் சிகிச்சை.

நிலை என்பது நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதன் கணக்கு. கட்டி நுரையீரலுக்குள் மட்டும் சிறிதாக இருந்தால் 1ஆம் நிலை. அதே நுரையீரலின் நிணநீர்க் கணுக்களுக்குப் போயிருந்தால் பெரும்பாலும் 2ஆம் நிலை. இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவிலுள்ள கணுக்களை அடைந்திருந்தால் 3ஆம் நிலை. மூளை, எலும்பு, ஈரல் அல்லது மறுபக்க நுரையீரல் போன்ற இடங்களுக்குப் பரவியிருந்தால் 4ஆம் நிலை. முதல் இரண்டு நிலைகளில் உடல் தாங்குமென்றால் சத்திரசிகிச்சையே முதல் தெரிவு. 3ஆம் நிலையில் சிலருக்கு மட்டும், பெரும்பாலும் கீமோதெரபியுடன் சேர்த்து, அது பொருந்தும்.

பல நாடுகளின் நோயாளர் தரவுகளைச் சேர்த்துப் பார்த்ததில், 1ஆம் நிலையில் கண்டறியப்பட்டவர்களில் பத்தில் ஏழு பேர் முதல் ஒன்பது பேர் வரை ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். 4ஆம் நிலையில் அது பத்தில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவு. ஆனால் கட்டியின் மரபணு மாற்றத்தைப் பார்த்துக் கொடுக்கப்படும் புதிய மருந்துகள் 4ஆம் நிலையிலும் பலருக்கு ஆயுளை நீட்டியிருக்கின்றன. சத்திரசிகிச்சை பொருந்தாது என்று சொல்லப்பட்டால், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்பது அதன் பொருளல்ல.

நிலையைக் கணிப்பதற்காக மேல்வயிற்று ஸ்கான், மூளை ஸ்கான், சிலருக்குப் பெற் ஸ்கான், நடுநெஞ்சுக் கணுக்களில் இழையப் பரிசோதனை என்று தொடர்ச்சியாக எழுதித் தருவார்கள். ‘அதுதான் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டதே, ஏன் இன்னும் அலையவிடுகிறார்கள்’ என்ற சலிப்பு இந்தக் கட்டத்தில் வரும். ஆனால் பரவியிருக்கும் நோய்க்கு நெஞ்சைத் திறப்பதால் பயனில்லை. அந்த வீண் வேதனையைத் தவிர்ப்பதற்கே இத்தனை பரிசோதனைகளும்.

கத்தி பட்டால் பரவுமா?

எமது ஊர்களில் இன்றும் பலமாக இருக்கும் நம்பிக்கை இது. ‘நல்லாத்தான் இருந்தார், வெட்டின பிறகுதான் பரவினது’ என்று அயலில் யாராவது சொல்வார்கள். ஸ்கான் வசதிகள் இல்லாத காலத்தில், பரவியிருப்பது தெரியாமலே நெஞ்சைத் திறந்து, அகற்ற முடியாதென்று கண்டு மூடிய சம்பவங்கள் இருந்தன. அவர்கள் சில மாதங்களில் இறந்தபோது பழி கத்தியின் மேல் விழுந்தது. உண்மையில் நோய் முன்னரே பரவியிருந்தது. நெஞ்சுக்குள் காற்றுப் பட்டால் புற்றுநோய் பரவும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஊசியால் துண்டெடுக்கும்போது நுரையீரலில் காற்றுக் கசிவும் சிறிது இரத்தக்கசிவும் ஏற்படலாம்; அவைதான் கவனிக்கவேண்டிய ஆபத்துகள். ஊசி போன வழியே புற்றுநோய் பரவுவது மிக மிக அரிது. அந்தப் பயத்தில் பரிசோதனையை மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் உண்மையான ஆபத்து.

எதை வெட்டுகிறார்கள்?

வலது நுரையீரலில் மூன்று சோணைகளும் இடதில் இரண்டு சோணைகளும் உண்டு. வழமையான சத்திரசிகிச்சையில் கட்டி இருக்கும் சோணையை முழுதாக அகற்றி, அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுப்பார்கள். எஞ்சிய சோணைகள் விரிந்து அந்த இடத்தின் ஒரு பகுதியை நிரப்பிக்கொள்ளும். கட்டி 2 சென்ரிமீற்றருக்கு உட்பட்டு, ஓரமாக இருந்தால் சோணையின் ஒரு பகுதியை மட்டும் எடுத்தாலும் போதும் என்பதை 2022இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்று காட்டியது. கட்டி நடுவில், பெரிய குழாய்களைச் சுற்றி இருந்தால் ஒரு பக்க நுரையீரலை முழுதாக அகற்றவேண்டியும் வரலாம். விலா எலும்புகளுக்கு இடையே பெரிதாகத் திறந்தும் செய்யலாம். சிறு துளைகளினூடாகக் கமெரா செலுத்தியும் செய்யலாம். எது என்பது கட்டியின் இடத்தையும் அந்த வைத்தியசாலையின் வசதியையும் பொறுத்தது.

புற்றுநோய்க்காக ஒரு நுரையீரலை முழுதாக ஒரே முறையில் அகற்றி, நோயாளி நீண்டகாலம் பிழைத்த முதற் சம்பவம் 1933இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் நடந்தது. எவார்ட்ஸ் கிரகாம் என்ற நிபுணர் அதைச் செய்தார். நோயாளி 48 வயதான ஒரு மகப்பேற்று வைத்தியர். ஒரு சோணையை அகற்றும் திட்டத்துடன் தொடங்கிய சத்திரசிகிச்சை, இடது நுரையீரல் முழுவதையும் அகற்றுவதில் முடிந்தது. அந்த நோயாளி அதன்பின் ஏறத்தாழ 30 ஆண்டுகள் வாழ்ந்தார். தனக்கு என்ன நோய், என்ன செய்யப்போகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டே மேசையில் படுத்தவர் அவர். கடும் புகைப்பழக்கம் கொண்டிருந்த கிரகாம், 1950இல் புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்குமுள்ள தொடர்பைக் காட்டிய முக்கிய ஆய்வொன்றின் இணையாசிரியரானார். பின்னர் புகைத்தலை நிறுத்தினார். ஆனாலும் 1957இல் நுரையீரல் புற்றுநோயாலேயே இறந்தார். அவருடைய நோயாளி அப்போதும் உயிரோடு இருந்தார்.

உடல் தாங்குமா என்ற கணக்கு

கட்டியை எடுக்கமுடியும் என்பது ஒரு விடயம். எடுத்தபின் எஞ்சும் நுரையீரலோடு அந்த மனிதர் வாழமுடியுமா என்பது வேறு விடயம். இதற்காகவே ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்யப்படுகிறது. முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்றை வேகமாக வெளியேற்ற முடிகிறது என்று அளப்பார்கள். நுரையீரலிலிருந்து இரத்தத்துக்கு வாயு எவ்வளவு சுலபமாகப் போகிறது என்பதையும் வசதியுள்ள இடங்களில் அளப்பார்கள். அகற்றப்போகும் பகுதியைக் கழித்துவிட்டு, மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று கணக்கிடுவார்கள்.

கணக்கு எல்லைக்கோட்டில் வந்தால் நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். மாடிப்படி ஏறச் சொல்வார்கள். நிற்காமல் பல மாடி ஏறக்கூடியவரின் இதயமும் நுரையீரலும் சத்திரசிகிச்சையைத் தாங்க வாய்ப்பு அதிகம். இரண்டாம் மாடிக்கு முன்பே மூச்சு வாங்கி நிற்பவருக்கு ஆபத்து கூடுதல். இதோடு ஈ.சி.ஜி., எக்கோ, இரத்தப் பரிசோதனைகளும் இருக்கும்.

ஒரு சோணையை அகற்றும் சத்திரசிகிச்சையில், அனுபவமுள்ள மையங்களில் நூறு பேரில் ஏறத்தாழ இரண்டு பேர் ஒரு மாதத்துக்குள் இறக்கும் அபாயம் உண்டு. முழு நுரையீரலையும் அகற்றினால் அது மேலும் உயரும். இவை எல்லோருக்கும் ஒரே அளவான எண்கள் அல்ல. புகைத்தல், உடல் மெலிவு, கட்டுப்பாடற்ற நீரிழிவு, நடமாட்டக் குறைவு ஆகியவை அபாயத்தைக் கூட்டும். இந்த நான்கிலும் நோயாளியின் கை இருக்கிறது.

காத்திருக்கும் வாரங்களில் வீட்டில் செய்யவேண்டியவை

முதலாவது, புகைத்தலை நிறுத்துவது. சிகரெட், பீடி, சுருட்டு எல்லாமே இதில் அடங்கும். ‘இனி நிறுத்தி என்ன, வந்த நோய் வந்ததுதானே’ என்று பலர் நினைக்கிறார்கள். புகையில் உள்ள காபனோரொட்சைட்டு வாயு இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நிறுத்தி ஓரிரு நாட்களில் அது வெளியேறிவிடும். சுவாசக்குழாய்களில் சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் மீண்டும் சரியாக வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். ஆகவே நான்கு வாரங்களுக்கு முன்னரே நிறுத்தினால் நல்லது. அவ்வளவு காலம் இல்லாவிட்டாலும் இன்றே நிறுத்துவது பயன் தரும். நிறுத்திய முதல் நாட்களில் இருமலும் சளியும் கூடியது போலத் தெரியலாம்; பயப்படவேண்டாம். தனியாக முடியாவிட்டால் புகைத்தலைக் கைவிடுவதற்கான 1948 என்ற தொலைபேசிச் சேவையை அழைக்கலாம். வீட்டிலுள்ள மற்றவர்களும் வீட்டுக்குள் புகைக்கக்கூடாது. விறகடுப்புப் புகையிலிருந்தும் நோயாளியை விலக்கிவையுங்கள்.

புகைக்காதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. மற்றவர்களின் புகை, காற்றோட்டமில்லாத சமையலறை, வெட்டும்போதும் உடைக்கும்போதும் கிளம்பும் அஸ்பெஸ்ரஸ் தூசி, காரணமே தெரியாத மரபணு மாற்றங்கள் என்று பல வழிகள் உண்டு. வாழ்நாளில் சிகரெட்டைத் தொடாத பெண்ணிடம் ‘இவவுக்கு எப்படி வந்தது’ என்று துருவுவதும், புகைத்தவரிடம் ‘அப்பவே சொன்னம்’ என்று குத்துவதும் இந்த வாரங்களில் யாருக்கும் உதவாது.

இரண்டாவது, மூச்சுப் பயிற்சி. இயன்மருத்துவர் மூன்று சிறு பந்துகள் உள்ள பிளாஸ்ரிக் கருவியைக் கொடுப்பார். பலர் அதை ஊதுகிறார்கள். ஊதுவதற்கல்ல, உறிஞ்சுவதற்கே அந்தக் கருவி. வாயில் வைத்து மெதுவாக, ஆழமாக உள்ளிழுத்துப் பந்துகளை உயர்த்தி, இரண்டு மூன்று விநாடிகள் பிடித்து, பின் கருவியை வாயிலிருந்து எடுத்து மெதுவாக விடவேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருதடவை பத்து மூச்சு என்பது வழமையான அளவு. தலை சுற்றினால் நிறுத்தி இளைப்பாறுங்கள். கருவி கிடைக்காவிட்டால் மூக்கால் ஆழமாக இழுத்து, பிடித்து, உதட்டைக் குவித்து மெல்ல விடலாம். சளியை வெளியேற்ற, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல வாயைத் திறந்து ‘ஹா’ என்று காற்றைத் தள்ளப் பழகுங்கள். நெஞ்சில் தையலோடு இருமவேண்டி வரும்போது ஒரு தலையணையைக் காயத்தின்மேல் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுவதையும் இப்போதே பழகிவிடலாம்.

மூன்றாவது, நடை. முற்றத்திலோ கோயில் வீதியிலோ, பேசிக்கொண்டு நடக்கக்கூடிய வேகத்தில், தினமும் இரண்டு வேளை. ஐந்து நிமிடத்தில் தொடங்கி நாளுக்கு நாள் கூட்டுங்கள். ‘நோயாளி, படுத்திருக்கட்டும்’ என்று கட்டிலோடு வைப்பது தசைகளை வேகமாகக் கரைத்துவிடும். சத்திரசிகிச்சைக்கு முன் பயிற்சி செய்தவர்களுக்கு, பின்னர் நியூமோனியா போன்ற நுரையீரல் சிக்கல்கள் குறைவாக ஏற்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. நெஞ்சுவலி, மயக்கம், கடும் மூச்சுத்திணறல் வந்தால் மட்டும் நிறுத்தி வைத்தியரிடம் சொல்லுங்கள்.

நான்காவது, சாப்பாடு. புற்றுநோய் இருக்கும்போது பத்தியம் என்ற பெயரில் முட்டை, மீன், இறைச்சியை நிறுத்திவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. காயம் ஆறப் புரதம் வேண்டும். முட்டை, மீன், கோழி, பருப்பு, கடலை, உழுத்தங்கஞ்சி, பால் என்று எது ஒத்துக்கொள்கிறதோ அதைச் சிறிது சிறிதாகப் பல வேளை கொடுங்கள். மூன்று மாதங்களில் எடை வெகுவாகக் குறைந்திருந்தால் அதைக் கட்டாயம் வைத்தியரிடம் சொல்லவேண்டும். நீரிழிவு இருந்தால் சீனியின் அளவைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருவதும் இந்த வாரங்களின் வேலைதான்.

ஐந்தாவது, மருந்துகளும் பற்களும். குடிக்கும் எல்லா மருந்துகளையும் பெட்டியோடு கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். இரத்தத்தை இளக்கும் மருந்துகளில் சிலவற்றைச் சில நாட்களுக்கு முன் நிறுத்தவேண்டும், சிலவற்றை நிறுத்தக்கூடாது. நீங்களாக முடிவெடுக்காமல் மயக்க மருந்து வைத்திய நிபுணரிடம் கேளுங்கள். சித்த, ஆயுர்வேத மருந்துகள் எடுத்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சில மூலிகைகள் இரத்தம் உறைவதைப் பாதிக்கும். ஆடும் பல், சொத்தைப் பல், கட்டுப்பல் இருந்தால் முன்கூட்டியே பல் வைத்தியரிடம் காட்டுங்கள். மயக்கத்தின்போது தொண்டைக்குள் குழாய் வைக்கையில் ஆடும் பல் விழுந்து சுவாசக்குழாய்க்குள் போகக்கூடும். வாயிலுள்ள கிருமிகள் நுரையீரலுக்குள் இறங்கித் தொற்றையும் உண்டாக்கும்.

கேட்கவேண்டிய கேள்விகள்

கிளினிக்கில் கிடைப்பது சில நிமிடங்கள். கேள்விகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போவது வெட்கப்படவேண்டிய விடயமல்ல.

• எனது புற்றுநோய் எந்த வகை, எந்த நிலை?
• சத்திரசிகிச்சையின் நோக்கம் முழுமையாகக் குணமாக்குவதா?
• எவ்வளவு நுரையீரலை எடுப்பீர்கள்? எஞ்சியதோடு என் வேலையைச் செய்யமுடியுமா?
• என் வயதுக்கும் உடல்நிலைக்கும் ஆபத்து எவ்வளவு?
• சத்திரசிகிச்சைக்குப் பதிலாகக் கதிர்வீச்சு போன்ற வேறு தெரிவு உண்டா?
• எவ்வளவு காலம் காத்திருக்கவேண்டும்? அதற்கிடையில் எந்த அறிகுறி வந்தால் உடனே வரவேண்டும்?

வெலிசறை சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலைக்கோ மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ வடக்கு, கிழக்கு, மலையகத்திலிருந்து அனுப்பப்படுபவர்களுக்கு மொழி ஒரு தனிச் சுமை. சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போக முடியாவிட்டால், தமிழ் தெரிந்த வைத்தியர் அல்லது தாதியை உதவிக்குக் கேளுங்கள். சம்மதப் பத்திரத்தில் உள்ளது விளங்கும்வரை கையெழுத்திடவேண்டாம். விளக்கும்படி கேட்பது உங்கள் உரிமை. அந்தப் பத்திரத்தில் கையெழுத்திடவேண்டியவர் நோயாளிதான், மகனல்ல. அறிக்கைகள், ஸ்கான் படங்கள், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். கைத்தொலைபேசியில் படமெடுத்தும் வைத்திருங்கள்.

அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை இலவசம். ஆனால் பயணம், துணைக்கு நிற்பவரின் தங்குமிடம், உழைப்பு இல்லாத வாரங்கள் ஆகியவற்றுக்குப் பணம் வேண்டும். நாட்கூலிக்குப் போகிறவரோ கடலுக்குப் போகிறவரோ இரண்டு மூன்று மாதங்களுக்குப் பாரமான வேலை செய்யமுடியாது. வீட்டுக்கு வருமானம் எங்கிருந்து வரும், யார் கூட நிற்பார்கள், பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்பதையும் இந்த வாரங்களிலேயே பேசி முடிவெடுக்கவேண்டும்.

அந்த நாளும் அடுத்த நாட்களும்

சத்திரசிகிச்சைக்கு முன் ஆறு மணித்தியாலங்களுக்குத் திண்ம உணவோ பால் கலந்த தேநீரோ கூடாது. வெறும் தண்ணீர் எப்போதுவரை குடிக்கலாம் என்பதை விடுதியில் சொல்வார்கள். வயிற்றில் உணவு இருந்தால் மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகும் அபாயம் உண்டு. ‘வெறுவயிறோட தாங்கமாட்டார்’ என்று இரகசியமாக ஒரு பணிஸ் கொடுப்பது உயிராபத்து.

விழிக்கும்போது நோயாளி அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கக்கூடும். நெஞ்சின் பக்கத்திலிருந்து ஒன்று அல்லது இரண்டு குழாய்கள் தண்ணீர் உள்ள போத்தலுக்குப் போகும். அதில் குமிழி வருவதும் இரத்தம் கலந்த நீர் வடிவதும் முதல் நாட்களில் எதிர்பார்க்கப்படுபவை. நெஞ்சில் தேங்கும் காற்றையும் நீரையும் வெளியேற்றி நுரையீரலை விரியவைப்பதே அந்தக் குழாயின் வேலை. போத்தலை எப்போதும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழே வைத்திருக்கவேண்டும். காற்றுக் கசிவு நின்றதும் குழாயை எடுப்பார்கள். சிக்கல் இல்லாவிட்டால் பலர் ஒரு வாரமளவில் வீடு திரும்புகிறார்கள்.

வலியைப் பொறுத்துக்கொள்வது இங்கே வீரமல்ல. வலி இருந்தால் ஆழமாக மூச்செடுக்க முடியாது, இருமமுடியாது. சளி தேங்கும், நியூமோனியா வரும். வலிக்கிறது என்று தாதியிடம் சொல்லி மருந்து கேளுங்கள். முடிந்தால் மறுநாளே எழுப்பி இருத்துவார்கள், நடக்கவிடுவார்கள். முன்னரே பழகிய மூச்சுப் பயிற்சி அப்போதுதான் கைகொடுக்கும்.

வீடு திரும்பியபின் சில வாரங்களுக்கு இளைப்பும், காயத்தைச் சுற்றி மரத்துப்போன உணர்வும் இருப்பது இயல்பு. காய்ச்சல், காயத்தில் சீழ், கால் வீக்கம், சளியில் இரத்தம் கண்டால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். வெட்டியெடுத்த பகுதியின் பரிசோதனை அறிக்கை வந்ததும், கீமோதெரபி அல்லது வேறு மருந்து தேவையா என்று புற்றுநோய் வைத்திய நிபுணர் முடிவுசெய்வார். வடக்கில் உள்ளவர்கள் அந்தத் தொடர் சிகிச்சையை தெல்லிப்பழையில் பெறமுடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். விமானப் பயணம் போவதென்றால் முன்னரே அனுமதி கேளுங்கள். காயம் ஆறியபின்னும் பல ஆண்டுகள் ஒழுங்காக ஸ்கான் எடுத்துக் காட்டவேண்டும்.

எப்படிச் சொல்வது?

நோயாளியிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டவேண்டும் என்பதில்லை. சிலருக்கு முழு விபரமும் வேண்டும். சிலர் ‘எனக்குத் தேவையானதை மட்டும் சொல்லுங்கோ, மிச்சத்தை மகளோட கதையுங்கோ’ என்பார்கள். அதுவும் அவர்களது உரிமை. எது வேண்டும் என்பதை அவர்களிடமே கேட்கவேண்டும். ‘அப்பா, டொக்டர் சொன்னதை முழுக்கச் சொல்லட்டோ, இல்லாட்டி நீங்கள் செய்யவேண்டியதை மட்டும் சொல்லட்டோ?’ என்று கேட்டால் போதும். சொல்வது கடினமாக இருந்தால் வைத்தியரையே சொல்லச் சொல்லி, பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு இருங்கள்.

நோயின் பெயரைச் சொன்னால் அழுவார்; சில நாள் சாப்பிடமாட்டார்; பேசாமல் இருப்பார். அது இயல்பான துயரம். வாரக்கணக்கில் நீடித்தால், தூக்கமே இல்லாமல் போனால், வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால் வைத்தியரிடம் தெரிவியுங்கள். தேசிய மனநல உதவிச் சேவையான 1926ஐயும் அழைக்கலாம். பெரும்பாலும், மறைக்கப்பட்டவர்களும் எதையோ ஊகித்துத்தான் இருக்கிறார்கள். வீட்டில் கதை நின்றுபோவதும், மகள் அவசரமாக விமானத்தில் வருவதும் அவர்களுக்குச் சொல்லிவிடுகின்றன. வித்தியாசம் என்னவென்றால், அந்தப் பயத்தை அவர்கள் தனியாகச் சுமக்கிறார்கள்.

நோயின் பெயர் தெரிந்தவர் சிகரெட்டை விடுவதற்குக் காரணம் இருக்கும். காலையில் எழுந்து பந்துக் கருவியை எடுப்பார். கோயில் வீதியை நேற்றைவிட ஒரு சுற்றுக் கூட நடப்பார். சத்திரசிகிச்சைத் திகதியைத் தீர்மானிப்பது வைத்தியசாலையின் கையில் இருக்கிறது. அந்தத் திகதிக்குள் உடலை எவ்வளவு பலப்படுத்துவது என்பது அவருடைய கையில் இருக்கிறது. அதை அவரிடமிருந்து பறித்துவிடக்கூடாது.